மட்டக்களப்பில் பாரம் குறைந்த றிம் பிரேக் றோட் சைக்கிள் கட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வாவிக்கும் கடலுக்கும் இடையிலான எழுவான்கரையில் ஏற்றம் என்று சொல்லக்கூடியது கல்லடிப் பாலம் மட்டும்தான். நகரில் இருந்து கல்முனை வரை சுமார் 40 கிலோமீட்டர், முழுக்கத் தட்டை. அப்படியானால் பாரம் குறைந்த சைக்கிள் எதற்கு என்று கேட்பவர் நியாயமாகத்தான் கேட்கிறார்.

கணக்கைப் பார்ப்போம். ஓட்டுபவர் 70 கிலோ, சைக்கிள் 8 கிலோ, ஆக 78. அதில் ஒரு கிலோ குறைத்தால் செங்குத்தான ஏற்றத்தில் கிட்டத்தட்ட 1.3 சதவீதம் மிச்சம். ஒரு மணித்தியாலம் ஏறும் மலையில் முக்கால் நிமிடம். தட்டை வீதியில் ஒரே வேகத்தில் போகும்போது அந்த ஒரு கிலோ இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அங்கே உங்களைப் பிடித்து இழுப்பது காற்று. செங்கலடியில் திரும்பி ஏ-5 வீதியில் மகா ஓயா, பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறுபவருக்குத்தான் பாரக் குறைவு உண்மையில் கைகொடுக்கும்.

ஆனாலும் நல்ல ரயரும் நல்ல பெயாரிங்கும் பாரத்தையும் குறைக்கின்றன, தட்டையிலும் ஓடுகின்றன. காபன் போத்தல் தாங்கி பாரத்தை மட்டும் குறைக்கும். முதலில் சொன்ன வகைக்குக் காசை முதலில் போடுங்கள். கையில் மிஞ்சினால் இரண்டாவது வகை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒழுங்கில்தான் போகிறது. அதோடு எங்கள் பக்கத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: கடல் உப்பு. தராசில் நன்றாக இருந்து மாரி முடிய துருப்பிடிக்கும் பாகம் இங்கே உதவாது.

ஏன் றிம் பிரேக்?

றிம் பிரேக் சில்லின் வளையத்தையே இரு பக்கமும் பிடித்து நிறுத்தும், டிஸ்க் பிரேக் சில்லின் நடுவில் உள்ள தனித் தட்டைப் பிடிக்கும். போட்டிச் சைக்கிள் உலகம் டிஸ்க் பிரேக்குக்கு மாறிவிட்டது. சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூசிஐ வீதிப் போட்டிகளில் டிஸ்க்கை முறையாக அனுமதித்தது 2018இல். அதற்குப் பிறகும், 2019 டூர் டி பிரான்ஸை எகன் பெர்னால் வென்றது றிம் பிரேக் சைக்கிளில்தான். இன்று பெரிய கம்பனிகளின் புதிய பிரேம்கள் பெரும்பாலும் டிஸ்க். அதனால் றிம் பிரேக் பிரேம்களும் பாகங்களும் பாவித்த சந்தையில் மலிந்து கிடக்கின்றன. எங்களுக்கு அது வாய்ப்பு.

ஒரே தரத்தில் எடுத்தால் றிம் பிரேக் அமைப்பு டிஸ்க்கை விட அரைக் கிலோவுக்குக் கிட்டப் பாரம் குறைவு. எண்ணெய்க் குழாய் இல்லை, காற்று எடுக்கும் வேலை இல்லை. கேபிள் அறுந்தால் களுவாஞ்சிக்குடியிலோ ஓட்டமாவடியிலோ உள்ள எந்தச் சைக்கிள் கடைக்காரரும் கை வைக்கத் தெரிந்தவர். மழையில் டிஸ்க் நன்றாகப் பிடிக்கும் என்பதை மறுக்க முடியாது. இருந்தும் நான் இந்தத் தட்டைக் கரைக்கு றிம் பிரேக்கைத்தான் சொல்வேன்.

இலக்கு: ஏழரைக் கிலோ

யூசிஐ போட்டிச் சைக்கிளுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்சப் பாரம் 6.8 கிலோ, 2000ஆம் ஆண்டில் இருந்து. போட்டிக்குப் போகாத எங்களுக்கு அந்த விதி இல்லை, ஆனால் அந்த இலக்கத்தைத் துரத்தினால் கடைசி 500 கிராமுக்குத்தான் பாதிக் காசு போகும். நியாயமான கணக்கு இப்படி வரும், எல்லாம் அண்ணளவாக:

பிரேம், ஃபோர்க் (முன் சில்லைத் தாங்கும் கவை), ஹெட்செட் (ஃபோர்க் சுழலும் பெயாரிங்): 1,670 கிராம். நல்ல அலுமினியப் பிரேம் 1,200, காபன் ஃபோர்க் 390 என்று வைத்திருக்கிறேன்.
சில்லு இரண்டும் 1,500, ரயர் 440, ரியூப் 150, குயிக் றிலீஸும் றிம் ரேப்பும் 130: மொத்தம் 2,220.
கிராங் (பெடல் பூட்டும் தண்டும் முன் பற்சக்கரமும்), பொட்டம் பிராக்கெட் (கிராங் சுழலும் பெயாரிங்), கசெட் (பின் பற்சக்கர அடுக்கு), செயின், முன் பின் டிரெய்லியர் (செயினைப் பல் மாற்றும் பாகம்): 1,540.
லீவர், கலிப்பர் (றிம்மைப் பிடிக்கும் பிரேக் கை), கேபிள்கள்: 980.
ஹாண்டில், ஸ்டெம் (ஹாண்டிலை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு), சீற் போஸ்ட், சீற், ரேப்: 820.
பெடல்: 250.

கூட்டினால் 7,480. ஏழரை என்றதும் சனி நினைவுக்கு வருபவர்கள் போத்தல் தாங்கியையும் சேர்த்து நிறுத்துக்கொள்ளலாம். காபன் பிரேம் என்றால் இன்னும் 200, 300 கிராம் இறங்கும்.

ஒரு சின்ன சமையலறைத் தராசு வாங்கி, ஒவ்வொரு பாகத்தையும் பூட்டுவதற்கு முன் நிறுத்து எழுதுங்கள். கம்பனிகள் எழுதும் பாரம் பெரும்பாலும் சிறிய அளவுக்கு, பெயின்ட் அடிக்காத பிரேமுக்கு.

பிரேம் பார்த்து எடுத்தல்

இலங்கைக்குள் ஜப்பானில் இருந்து வரும் பாவித்த சைக்கிள்களில் அவ்வப்போது நல்ல றோட் பிரேம்கள் அகப்படும். முழுச் சைக்கிளாக வாங்கிப் பாகங்களை மாற்றுவது பெரும்பாலும் வெறும் பிரேமாக இறக்குவதை விட மலிவு. சுங்கமும் கப்பல் கூலியும் சேர்ந்தால் வெளிநாட்டு மலிவு விலை மலிவாக இருக்காது.

அளவுதான் முதல் கேள்வி. பிரேம் உங்களுக்குப் பெரிதென்றால் எத்தனை கிராம் குறைத்தும் பயனில்லை. காற்றுக்கு எதிரே குனிந்து ஓட முடியாதபடி உட்கார வேண்டியிருப்பது 500 கிராமை விடப் பெரிய நட்டம்.

பாவித்த பிரேமில் நான்கு இடம் பாருங்கள். முதலாவது, சீற் போஸ்ட் வெளியே வருகிறதா? வருகிறது என்று சொல்வதை நம்பாமல் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அலுமினியப் போஸ்ட் உப்பு ஈரத்தில் அரித்துக் காபன் பிரேமோடு பிணைந்துவிடும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது, பொட்டம் பிராக்கெட் திருகுவதா, அழுத்திச் செருகுவதா? 68 மில்லிமீட்டர் பிஎஸ்ஏ திருகு முறை என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். செருகும் வகைகள் மணலும் ஈரமும் பட்டால் கிறீச்சிடும், கழற்ற விசேட கருவி வேண்டும். மூன்றாவது, காபன் என்றால் ஹெட் ரியூப், பொட்டம் பிராக்கெட்டைச் சுற்றிய இடம், பின் சில்லு பூட்டும் முனைகள் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, நாணயத்தால் மெல்லத் தட்டுங்கள். ஒரே குழாயில் திடீரென்று சத்தம் மொத்தையாக மாறினால் விட்டுவிடுங்கள். நான்காவது, பின் சில்லு இடைவெளி 130 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பழைய இரும்புப் பிரேம்கள் சில 126.

ரயர் எவ்வளவு அகலம் போகும் என்றும் அளவெடுங்கள். 25 மில்லிமீட்டர் கட்டாயம். 28 போனால் வாவிக்கு மேற்கே வவுணதீவுப் பக்கம் படுவான்கரை வீதிகளில் கை மரத்துப்போகாது.

சில்லு, ரயர், ரியூப்

காசு முதலில் போக வேண்டிய இடம் இது. விலை குறைந்த சைக்கிளோடு வரும் கம்பி ஓரம் வைத்த ரயர் ஒன்று 330 கிராமுக்குக் கிட்ட இருக்கும். கொன்டினென்டல் ஜிபி 5000 போன்ற மடிக்கக்கூடிய ரயர் 25 அகலத்தில் 220 சொச்சம். சாதாரண ரியூப் 100, 110 கிராம், மெல்லிய பியூட்டைல் ரப்பர் ரியூப் 75. இரண்டு சில்லுக்கும் சேர்த்தால் முந்நூறுக்குக் கிட்டக் குறையும், அதோடு உருளும் தடையும் குறையும். கல்முனை வீதியில் நீங்கள் உணரப்போகும் வித்தியாசம் இதுதான், வேறு எந்தப் பாகமும் இந்த அளவு தராது.

ரப்பருக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்த டிபியூ ரியூப் 40 கிராமுக்குள் வரும். ஆசையாக இருக்கும். ஆனால் சில வகைகள் டிஸ்க் சைக்கிளுக்கு மட்டுமே என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும், றிம் சூடாவதை அவை தாங்காது. றிம் பிரேக்குக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

சில்லில் 2,000 கிராம் தொடக்கச் சில்லை 1,500 ஆக்குவது பெரிய பாய்ச்சல். காபன் றிம்மா, அலுமினியமா? என் முடிவு அலுமினியம். காபன் றிம்மை மழையில் நிறுத்துவது கடினம், அதற்கென்று தனிப் பிரேக் கட்டைகள் வேண்டும். லுணுகலையில் இருந்து பிபிலைக்கு இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் றிம்மின் பிசின் இளகும் அபாயமும் உண்டு. ஆழமான றிம் தட்டையில் வேகம் தரும் என்பது உண்மை. ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் மேற்கில் இருந்து அடிக்கும்போது, வடக்குத் தெற்காக ஓடும் எங்கள் கரை வீதியில் அது பக்கக் காற்று. கல்லடிப் பாலத்தின் நடுவில் 50 மில்லிமீட்டர் றிம்மோடு முன் சில்லு பறிக்கும்போது பக்கத்தில் பஸ்ஸும் வரும். 25இல் இருந்து 35 மில்லிமீட்டர் ஆழம் போதும்.

சில்லைக் கட்டுவிப்பதென்றால் கம்பியில் பணம் போடுங்கள். சப்பிம் சிஎக்ஸ்-ரே போன்ற தட்டைக் கம்பி ஒன்று நான்கேகால் கிராம், சாதாரண 2 மில்லிமீட்டர் கம்பி ஆறரை, ஏழு. நிப்பிள் மட்டும் பித்தளையில் வாங்குங்கள். அலுமினிய நிப்பிளில் நாற்பது கிராம் மிச்சம் வரும். உப்புக் காற்றில் இரண்டொரு மாரிக்குள் அது வெடித்து, நெளிவு எடுக்கச் சாவி வைத்தவுடன் தலை கழன்று வரும்.

கியரும் பிரேக்கும்

சிமானோ கம்பனியின் கியர், பிரேக் தொகுதிகளில் 105 அல்லது அல்டெக்ரா, 11 வேகம் (பின்னே 11 பற்சக்கரம்), றிம் பிரேக் தலைமுறை. அல்டெக்ரா ஆர்8000 கலிப்பர் சோடி 360 கிராம், 105 ஆர்7000 அதை விட 20 கிராம் கூட. அந்த இருபதுக்கு நீங்கள் கொடுக்கும் காசு அர்த்தமில்லாதது. அவர்களின் உச்சத் தொகுதியான டுரா-ஏஸ் பற்றி இங்கே பேசவே வேண்டாம்.

பல்லில் முன்னே 50/34 கிராங்கும் பின்னே 11-30 கசெட்டும் எல்லாவற்றுக்கும் போதும். தட்டையிலேயே ஓடுபவர் 11-28 எடுத்தால் பற்களுக்கு இடையில் பாய்ச்சல் சிறியது, எதிர்காற்றில் கால் ஒரே சுற்றில் இருக்கும்.

கலந்து பூட்டுவதில் கவனம். 10 வேக லீவரும் 11 வேக டிரெய்லியரும் ஒத்துவராது, இழுக்கும் கேபிளின் நீளம் வேறு. பிரேக்கிலும் அப்படியே: புதிய லீவர் அதிகக் கேபிளை இழுக்கும். அதைப் பழைய கலிப்பரோடு பூட்டினால் பிடிப்பு பலவீனமாகும். மாறிப் பூட்டினால் தொட்டவுடன் சில்லு இறுகும். இரண்டையும் ஒரே தலைமுறையில் எடுங்கள்.

பூட்டும் ஒழுங்கு

தேவையான கருவிகள்: அலன் சாவிகள், டோர்க் சாவி (இறுக்கத்தை நியூட்டன் மீட்டரில் அளந்து காட்டுவது), கேபிள் வெட்டும் கட்டர், செயின் அறுக்கும் கருவி, கசெட் சாவி, பொட்டம் பிராக்கெட் சாவி. சாதாரணக் குறடால் கேபிளை வெட்டாதீர்கள், நுனி பிரிந்துவிடும். காபன் பாகம் இருந்தால் டோர்க் சாவி இல்லாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

1. ஒவ்வொரு திருகிலும் கிரீஸ். உப்புக் கரையில் இதை இரண்டு தரம் சொல்ல வேண்டும். போத்தல் தாங்கியின் சின்ன ஆணிக்கும்கூட.

2. பொட்டம் பிராக்கெட். பிஎஸ்ஏயில் செயின் பக்கக் கிண்ணம் எதிர்த்திருகு: கடிகாரத்துக்கு எதிராகச் சுற்ற இறுகும். மற்றப் பக்கம் வழமைபோல. கையால் கடைசி வரை போக வேண்டும். போகவில்லை என்றால் கழற்றித் திருகைத் துடைத்து மறுபடி தொடங்குங்கள், சாவியால் பலவந்தம் செய்யாதீர்கள்.

3. கிராங். சிமானோவின் ஹொலோடெக் 2 வகையில் இடது தண்டை அச்சில் ஏற்றி, பிளாஸ்டிக் மூடியை மெல்ல இறுக்கி ஆட்டத்தை எடுங்கள். அதற்குத் தேவை 0.7இல் இருந்து 1.5 நியூட்டன் மீட்டர், அதாவது விரலால் இறுக்கும் அளவு. பிறகு இரண்டு பக்க ஆணிகளையும் மாறி மாறி 12-14 வரை.

4. ஃபோர்க்கும் ஸ்டெம்மும். ஃபோர்க் குழாயை வெட்டும் முன், வெட்டாமலே சில வாரம் வளையங்களை மேலும் கீழும் மாற்றி ஓடிப் பாருங்கள். உயரம் பிடித்த பிறகு வெட்டலாம். மேல் வளையத்தின் விளிம்பில் இருந்து 2-3 மில்லிமீட்டர் கீழே குழாய் நிற்க வேண்டும். காபன் குழாயை நுண்பல் வாளால், தண்ணீர் தெளித்து, மூக்கை மூடிக்கொண்டு வெட்டுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது. இறுக்கும் ஒழுங்கு முக்கியம்: முதலில் மேல் மூடி, பிறகு பிரேக்கும் கேபிளும் பூட்டியதும் முன் பிரேக்கைப் பிடித்து முன்பின் ஆட்டிப் பார்த்து ஆட்டம் போன பிறகுதான் ஸ்டெம்மின் பக்க ஆணிகள், 5 நியூட்டன் மீட்டர் அளவில்.

5. கசெட்டை ஹப்பில் 40 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். 11 வேக ஹப்பில் 10 வேகக் கசெட் போட்டால் 1.85 மில்லிமீட்டர் வளையம் உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் கசெட் ஆடும்.

6. கலிப்பர். இதில்தான் நேரம் எடுக்க வேண்டும். முன் கலிப்பரின் ஆணி காபன் ஃபோர்க்கின் உள்ளே மறைந்திருக்கும் நீள நட்டில் இறங்குகிறது. அந்த நட் குறைந்தது ஆறு முழுச் சுற்றுப் பிடிக்க வேண்டும். நட்கள் பல நீளத்தில் வரும், குட்டையானது வந்திருந்தால் மாற்றுங்கள். 8-10 நியூட்டன் மீட்டரில் இறுக்கிய பின் சில்லை ஓடவிட்டு, இரண்டு கட்டையும் றிம்முக்குச் சம தூரமா என்று பாருங்கள். கட்டை றிம்மின் பிரேக் பட்டைக்குள் முழுதாக உட்கார வேண்டும்: மேலே ஏறினால் ரயரை அறுக்கும், கீழே இறங்கினால் விளிம்பு மடிந்து தேயும். கட்டையின் முன் நுனி ஒரு மில்லிமீட்டர் முந்தித் தொடும்படி சாய்த்தால் கத்தாது. அதற்கு, கட்டையின் பின் நுனிக்கும் றிம்முக்கும் இடையில் மடித்த கடதாசி ஒன்றை வைத்து லீவரைப் பிடித்தபடி கட்டையை இறுக்குவது சுலபமான வழி.

கலிப்பரை மலிவாக எடுத்து, கட்டையை நல்லதாகப் போடுங்கள். ஸ்விஸ்ஸ்டொப் போன்ற கட்டைகள் 105 கலிப்பரையே வேறொன்றாக மாற்றிவிடும்.

7. கேபிள். பிரேக் கேபிளின் உறை சுருள் கம்பி, கியர் உறை நேர்க் கம்பிகள். கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டால் அழுத்திப் பிடிக்கும் தருணத்தில் வெடிக்கும். இதில் விளையாட்டு இல்லை. உறையை வெட்டிய பிறகு நுனியை அரத்தால் தட்டையாக்கி, உள்ளே இருக்கும் குழாயை ஊசியால் விரித்துவிடுங்கள். எந்தக் கை முன் பிரேக் என்பதை நீங்கள் இதுவரை ஓட்டிய சைக்கிளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அவசரத்தில் கை பழக்கத்துக்குத்தான் போகும்.

8. செயின். முன்னும் பின்னும் பெரிய பல்லில், டிரெய்லியருக்குள் விடாமல் சுற்றி, சந்திக்கும் இடத்தில் இருந்து இரண்டு கண்ணி கூட்டி அறுங்கள்.

9. கியர் சீர் செய்தல். பின் டிரெய்லியரின் இரண்டு எல்லை ஆணிகளையும் கேபிள் பூட்டும் முன்பே அமையுங்கள்: ஒன்று செயினைப் பிரேமுக்குள் விழாமல், மற்றது கம்பிக்குள் விழாமல் தடுக்கும். பிறகு சிறிய பல்லில் கேபிளை இறுக்கி, ஒரு கிளிக் கொடுத்துப் பாருங்கள். இரண்டாம் பல்லுக்கு ஏறத் தயங்கினால் திருகு உருளையை வெளியே கால் சுற்று, தாண்டினால் உள்ளே கால் சுற்று. சைக்கிள் நிற்கும்போது சரியாக இருப்பது ஓடும்போது பிழைக்கும், கடைசிச் சீரை வீதியில்தான் செய்ய வேண்டும்.

காபன் சீற் போஸ்ட் என்றால் கிரீஸ் வேண்டாம், அதற்கென்று வரும் மணல் கலந்த பசை போடுங்கள். வழுக்காது, குறைவாக இறுக்கினாலே நிற்கும்.

எங்கே குறைக்கக் கூடாது

டைட்டானியம் ஆணிப் பெட்டிகள், துளை போட்ட கசெட், மிகவும் பாரம் குறைந்த ஹாண்டில் எல்லாம் கடைசி. சீற்றை 320இல் இருந்து 200க்குக் கொண்டுவருவது நல்ல வியாபாரம், உங்கள் இடுப்பு அதை ஏற்றுக்கொண்டால். ஏற்றுக்கொள்ளாத சீற்றில் அக்கரைப்பற்றுவரை போய்த் திரும்பினால் கிராம் கணக்கெல்லாம் மறந்துபோகும். ஹாண்டிலும் ஸ்டெம்மும் நல்ல அலுமினியத்தில் இருக்கட்டும். விழுந்தால் அது வளைந்து காட்டும், காபன் உள்ளே வெடித்து ஒன்றும் காட்டாமல் இருக்கும். பாவித்த காபன் ஹாண்டிலை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

முதல் ஓட்டமும் பிறகும்

முதல் தரம் காத்தான்குடிப் பிரதான வீதி நெரிசலுக்குள் கொண்டுபோகாதீர்கள். நாவலடிப் பக்கம் ஒழுங்கையில் மெதுவாக ஓடி, முன் பிரேக்கை மட்டும், பிறகு பின் பிரேக்கை மட்டும் அழுத்திப் பாருங்கள். காற்று: 70 கிலோ ஓட்டுநருக்கு 25 ரயரில் 85 பிஎஸ்ஐ அளவில் தொடங்கலாம், 28 என்றால் 75. கல்லுப்போல அடித்தால் வேகம் என்பது பழைய நம்பிக்கை, இங்குள்ள வீதியில் அது குலுக்கல்தான் தரும்.

கடற்கரைப் பக்கம் ஓடி வந்தால் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவித் துடையுங்கள். ஹப்புக்கும் பொட்டம் பிராக்கெட்டுக்கும் நேரே அழுத்தத் தண்ணீர் பீச்ச வேண்டாம். செயினை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு, செயின் எண்ணெய் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி. தையல் மெசின் எண்ணெய் அவசரத்துக்கு உதவும், மழையில் நிற்காது. தேங்காய் எண்ணெய் பிசினாகி மணலைப் பிடிக்கும்.

முதல் நூறு கிலோமீட்டரில் புதிய கேபிள் இழுபட்டுத் தளரும், சில்லுக் கம்பிகள் தங்கள் இடத்தில் உட்காரும். அப்போது கேபிளை மறுபடி இறுக்கி, சில்லில் நெளிவு எடுத்து, கிராங் ஆணியையும் ஸ்டெம்மையும் டோர்க் சாவியால் பாருங்கள். மாரியில் பிரேக் கட்டையை வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, அதில் பதிந்திருக்கும் மணலையும் அலுமினியத் துணுக்கையும் ஊசியால் கிண்டி எடுங்கள். கீறும் சத்தம் கேட்டபிறகு பார்ப்பதென்றால் றிம் ஏற்கனவே தேயத் தொடங்கியிருக்கும். பல றிம்களின் பிரேக் பட்டையில் தேய்வைக் காட்டும் சிறு குழியோ கோடோ இருக்கும். அது மறைந்த றிம்மைக் கழற்றிவிட்டுப் புதியது போடுங்கள், ஹப் நன்றாக இருந்தால் அதே ஹப்பில் கட்டிக்கொள்ளலாம்.